பிஸ்தாவுக்கு விரித்த துணி

பிஸ்தா நலமாக இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவன் மவுத்தாகிவிட்டான் என்றும், மீதிப் பேர் நான் அவனைத் திருச்செந்தூர்க்காரர் யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் பொய். இதை எழுதும்போது அவன் எனக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து, கொத்தமல்லித் தண்டு ஒன்றை நுனியிலிருந்து அடிவரை வாய்க்குள் இழுத்துக்கொண்டிருக்கிறான். தையல் போட்ட இடத்தில் முடிகூட முளைத்துவிட்டது.

பிஸ்தா ஒரு கினிப் பன்றி. எங்கள் வீட்டில் அந்தப் பெயரின் பின்பாதியை யாரும் சொல்வதில்லை. உண்மையில் அது எலி, அணில் வகை. வால் கிடையாது, சின்ன முயல் அளவுக்கு வளரும், புல் தின்னும், யாரையும் ஒன்றும் செய்யாது. இதற்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் எங்கள் மேலப்பாளையத்து முஸ்லிம் வீடுகளை நினைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் ‘கினி’ என்று மட்டும் சொல்லிப் பழகிக்கொண்டோம்.

என் பெயர் சாகுல். பதினெட்டு வருடம் சார்ஜாவில் ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்த்தேன். ஓட்டல் விரிப்புகள், டவல்கள், பணக்கார வீட்டுத் திரைச்சீலைகள், குளிர்காலம் வந்தால் மலைபோலக் கம்பளிகள். ஒரு துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே அது என்ன நூல், எத்தனை தண்ணீர் கண்டது என்று சொல்லிவிடுவேன். இடுப்பு வலி வந்தது, விசாவும் முடிந்தது, பத்து மாதம் முன்பு ஊரோடு வந்துவிட்டேன். வீட்டில் என் மனைவி மும்தாஜ், மகள் ரிஸ்வானா, பதினொன்றாம் வகுப்பு. பிஸ்தாவும் இன்னொரு கினியான பாதாமும் ரிஸ்வானாவுடையவை.

ரிஸ்வானாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. அந்த மரியாதைதான் என்னை உறுத்தியது. “வாப்பா, சாப்பாடு எடுத்து வச்சாச்சு”, “வாப்பா, உங்க போனு அடிக்குது” என்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இப்படித்தான் பேசுவோம். உம்மாவிடம் சண்டை போடுவாள், கத்துவாள், மடியில் தலை வைத்துக்கொள்வாள். என்னிடம் எழுந்து நிற்பாள்.

இனி கதைக்கு வருகிறேன். போன வருடம் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் இந்த இரண்டையும் வாங்கியபோது, இரண்டும் பெட்டை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக் கொடுத்தார்களாம். இரண்டு மாதம் முன்பு பாதாம் மூன்று குட்டி போட்டது. ஒன்று பிறந்தபோதே உயிரில்லை. அப்போதுதான் பிஸ்தா யார் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

பாதாமைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கால்நடை டாக்டரம்மா சொன்ன விவரம் எனக்குப் புதிது. கினிகள் குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் சினையாகிவிடுமாம். உடனுக்குடன் அடுத்த ஈற்று வந்தால் தாய் தாங்காதாம். “ஆணை உடனே தனியா வைங்க. சேர்த்து வைக்கணும்னா அதுக்கு ஆபரேசன்தான் வழி” என்றார். அதாவது விதையை எடுத்துவிடுவது. நம் ஊரில் காளைக்குக் காயடிப்பது என்பார்கள், அதையே மயக்க மருந்து கொடுத்துத் தையல் போட்டுச் செய்வது.

பிஸ்தாவைத் தனியே ஓர் அட்டைப் பெட்டியில் வைத்தோம். அவன் இந்தப் பக்கமிருந்து கூப்பிடுவான், பாதாம் அந்தப் பக்கமிருந்து பதில் சொல்லும். நாள் முழுக்க வீல் வீல் என்று சத்தம். தீனியும் பாதிதான் இறங்கியது. மும்தாஜ் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

“ரெண்டு ரெண்டு வருசமாப் பிரிஞ்சு இருந்தவுக நாம. ஒரு செவுத்துக்கு அங்கன இங்கன இருக்கதுக்கு இதுக்கு இம்புட்டுக் கூப்பாடா மச்சான்?”

நான் சிரித்தேன். ரிஸ்வானா சிரிக்கவில்லை.

ஆபரேசன் அன்று காலை அவளுக்குப் பள்ளியில் தேர்வு. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். “வாப்பா, நீங்க பாத்துக்கிடுதியளா?” என்று கேட்டாள். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான். உயிரைக் கொடுத்தாவது பார்த்துக்கொள்வேன் என்று சொல்ல நினைத்தேன். “பாத்துக்கிடுதேன்மா” என்று மட்டும் சொன்னேன்.

அந்த மருத்துவமனை பெரியதில்லை. முன்னால் ஒரு கூடம், இரண்டு வரிசை இரும்பு நாற்காலி, உள்ளே இரண்டு அறை. காலையில் திறந்து சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். நாய்களும் பூனைகளும் ஒரு பக்கம், ஆடு கோழி மறுபக்கம் என்று யாரும் சொல்லாமலே பிரிந்து உட்காருவோம். எனக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்தேன். பக்கத்தில் காலில் கட்டுப் போட்ட ஆட்டை மடியில் சாய்த்துக்கொண்டு ஒரு அண்ணாச்சி. சேரன்மாதேவிப் பக்கம், பெயர் சுடலைமுத்து என்று பிறகு தெரிந்தது.

கம்பவுண்டர் நோட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். “கினிப் பன்னி கொண்டாந்தது யாரு? சாகுல் அமீது?”

கூடம் முழுக்கத் திரும்பியது. எங்கள் பள்ளிவாசல் தெருவைச் சேர்ந்த இரண்டு பேர் கோழியோடு அந்த மூலையில் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, பெட்டியை மூடியபடியே நடந்தேன். சுடலைமுத்து அண்ணாச்சி எட்டிப் பெட்டிக்குள் பார்த்தார்.

“எங்கன வே பன்னி? எலி மாதிரில்லா இருக்கு. பேரக் கேட்டுப் பயந்துட்டேன் பாய்” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. அந்த மனிதர் அன்றைக்குக் காப்பாற்றியது என் மானத்தை.

உள்ளே எடை போட்டார்கள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள், பல்லைப் பார்த்தார்கள். மனிதர்களை ஆபரேசனுக்கு முன் பட்டினி போடுவார்கள். கினியைப் போடக்கூடாதாம். அதற்கு வாந்தி எடுக்கத் தெரியாது. குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், சில மணி நேரம் நின்றுபோனாலும் ஆபத்து. “ஆபரேசனை விட, அதுக்கப்புறம் சாப்பிடாம இருக்கதுதான் இதுகளுக்கு எமன்” என்றார் டாக்டரம்மா. பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே உட்கார்ந்து சுவரிலிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு எலி இனத்துக்காக நெஞ்சு இப்படி அடிக்குமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அடித்தது.

ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்தார்கள். கண் பாதி மூடியிருந்தது, உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. டாக்டரம்மா வலிக்கான சொட்டு மருந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்துக் கொடுக்கும் தீனி எல்லாம் விளக்கிவிட்டு, படுக்கை விஷயத்துக்கு வந்தார்.

“இதுவரைக்கும் என்ன விரிச்சிய?”

“மரத்தூள் டாக்டர். அறுவை மில்லுல வாங்குவோம்.”

“அது கூடாது. இதுக்குக் கால் குட்டை. வயிறு தரையிலதான் கிடக்கும். தையல்ல தூள் ஒட்டும், சீழ் பிடிக்கும். வைக்கோலும் வேண்டாம், குத்தும். டவலை மேல விரிப்பாப் போடாதீங்க, அந்த நூல் வளையத்துல நகம் மாட்டும். வெறும் பருத்தி ஈரத்தை மேலேயே வச்சுக்கும். ஃபிளீஸ்னு ஒரு துணி இருக்கு, அது கிடைச்சா...”

“கிடைக்கும் டாக்டர்” என்றேன். என் நாற்காலியிலிருந்து நான் ஓரங்குலம் உயர்ந்திருப்பேன். எட்டு மாதமாக இந்த ஊரில் எனக்குத் தெரிந்த எதையும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. இப்போது ஒரு டாக்டர் என்னிடம் துணியைப் பற்றிப் பேசுகிறார்.

ஃபிளீஸ் என்பது ஆட்டு ரோமம் போல மெத்தென்று இருக்கும் பாலியஸ்டர் துணி. நூல் பிரியாது. சிறுநீர் அதன் வழியாகக் கீழே இறங்கி, அடியில் போட்ட டவலில் ஊறிவிடும். மேலே உலர்ந்தே இருக்கும். வயிற்றில் தையலோடு படுப்பவனுக்கு இதைவிட நல்ல படுக்கை கிடையாது. கடைசியாக வந்தபோது நான் கொண்டுவந்த பெட்டியில் புத்தம் புதிதாக ஒன்று இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். நம் வெயிலில் கம்பளியை யார் போர்த்துகிறார்கள்? நான் வருடா வருடம் கொடுத்தனுப்பிய கம்பளிகள் எல்லாம் பீரோவின் மேல்தட்டில் அப்படியே இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதை எடுத்து ஆறு துண்டாக வெட்டினேன். ஓரம் மடித்துத் தைத்தேன். பதினெட்டு வருடம் செய்த வேலையை என் வீட்டுக் குளியலறையில் செய்தேன். வெந்நீர், அளவான சோப்பு, இரண்டு அலசல், கடைசித் தண்ணீரில் ஒரு மூடி சாஃப்ட்னர். துணியைப் பூப்போல ஆக்கும் அந்த வாசனைத் திரவம்தான் எங்கள் தொழிலின் கையெழுத்து. மொட்டைமாடியில் காயவைத்து, மடித்து அடுக்கினேன். மும்தாஜ் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“புதுமாப்பிள்ளைக்கு விரிச்ச மெத்த கெட்டது போங்க” என்றாள்.

ரிஸ்வானா ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “நல்ல மெதுவா இருக்கு வாப்பா” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அறுபது துண்டு தைத்திருப்பேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுக் கொடுத்தாள். எத்தனை மணிக்குத் தீனி, எத்தனை மில்லி, எத்தனை புழுக்கை. ஆம், புழுக்கையை எண்ணவேண்டும். குடல் ஓடுகிறதா என்பதற்கு அதுதான் சாட்சி. சார்ஜாவில் சட்டை எண்ணியவன், இங்கே குனிந்து உட்கார்ந்து அதை எண்ணினேன். நாளைக்கு மூன்று முறை படுக்கையை மாற்றினேன். முதல் நாள் நன்றாக இருந்தான். இரண்டாம் நாள் கொத்தமல்லி கேட்டுக் கத்தினான். ரிஸ்வானா பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்ப்பாள். நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல்தடவை.

மூன்றாம் நாள் காலை சிரிஞ்சை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூலையில் உடம்பைச் சுருட்டி, முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூக்கிப் பார்த்தேன். வயிற்று முடி நனைந்து ஒட்டிக் கிடந்தது. தையல் சிவந்து, ஒரு பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. லேசான நாற்றம். நோட்டில் புழுக்கை என்ற இடத்தில் இரவிலிருந்து இரண்டு என்று இருந்தது.

ரிஸ்வானாவுக்குத் தெரியாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். அவள் பின்னாலேயே நின்றிருந்தாள். “வாப்பா, செத்துருமா?” என்றாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன்.

டாக்டரம்மா ஊசியால் வீக்கத்தைக் குத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். கொஞ்சம் சீழ். கழுவி, மருந்து வைத்தார். கிருமியை அடக்கும் மருந்து எழுதும்போது ஒன்று சொன்னார், இதை வளர்ப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும். மனிதருக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் கினியின் குடலைக் கெடுத்து ஆளையே கொன்றுவிடும், வீட்டில் மிச்சமிருப்பதைக் கையிலெடுக்கவே கூடாது. பிறகு கேட்டார்.

“இடம் ஈரமாவே இருந்திருக்கு. ஃபிளீஸ்தான போட்டிய?”

“ஃபிளீஸ்தான் டாக்டர். மூணு நேரம் மாத்துதேன்.”

“அப்ப எப்படி...” என்று யோசித்தார். “சரி, சில உடம்பு அப்படி. யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாது. நாலஞ்சு நாளைக்குக் காலையில கொண்டாந்து விடுங்க, சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க. இங்கன வச்சு மருந்து ஏத்துதோம்.”

இப்படித்தான் என் மருத்துவமனை நாட்கள் தொடங்கின. விடுங்கள் என்றார்களே ஒழிய, நான் விட்டுவிட்டு வரவில்லை. காலை முதல் சாயங்காலம் வரை அந்த இரும்பு நாற்காலியில் இருந்தேன். மணிக்கு ஒருதரம் உள்ளே போய்ச் சிரிஞ்சில் தீனி கொடுப்பேன். மருத்துவமனைத் துணி கரடுமுரடாக இருந்தது என்று அதைத் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன என் மெத்தென்ற துண்டையே விரிப்பேன். மும்தாஜ் மத்தியானம் டவுண் பஸ் ஏறி இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் கொண்டு வருவாள், நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து நான் தின்று முடிப்பதைப் பார்ப்பாள். ஒருநாள் அவள் சொன்னாள்.

“ரிசுவானாவுக்கு டெங்கு வந்தப்ப நானும் இப்படித்தான் மச்சான் உக்காந்திருந்தேன். நாக்காலி மட்டும்தான் வேற.”

குறையாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அப்போது ரிஸ்வானாவுக்கு ஏழு வயது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதலாளி விடுப்புத் தரவில்லை. நான் இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று போனில் அவள் முகத்தைப் பார்த்தேன், ரத்தத்தில் அணுக்கள் எத்தனை என்று தினமும் கேட்டேன், என்னால் செய்யமுடிந்தது அவ்வளவுதான். கடையநல்லூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வந்தார், அவரிடம் வாத்துப் படம் போட்ட ஒரு மஞ்சள் ஃபிளீஸ் போர்வையைக் கொடுத்தனுப்பினேன். வேறென்ன அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

சுடலைமுத்து அண்ணாச்சி தினமும் ஆட்டுக்குக் கட்டு மாற்ற வருவார். வரும்போது வாய்க்கால் கரையிலிருந்து ஒரு பிடி அருகம்புல் பறித்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். “இது ஆட்டுக்குக் கொண்டாந்ததுதான் பாய். உம்ம புள்ளக்கும் ரெண்டு போட்டுப் பாரும்” என்பார். பிஸ்தா முகர்வதோடு சரி. அண்ணாச்சிக்கு அதில் வருத்தமில்லை. “பையத் திங்கட்டும். எங்க போவுது” என்று சொல்லிவிட்டு அந்தப் புல்லை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்.

அங்கே போய் இருக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் மத்தியானம் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தேன். கூண்டில் மாட்டிய தண்ணீர்க் குப்பியின் முனையிலிருந்து ஒரு சொட்டு, நான் புதிதாக விரித்த துண்டில் விழுந்தது. விழுந்த சொட்டு உள்ளே போகவில்லை. சேம்பிலையில் நிற்பது போலக் குமிழாக நின்றது. விரலால் தொட்டேன். உருண்டு பிஸ்தாவின் வயிற்றுக்கடியில் போய் முடியில் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு சொட்டு விட்டேன். அதுவும் நின்றது.

இதைத் தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். புதுப் பாலியஸ்டரில் கம்பெனிப் பூச்சு இருக்கும், நாலைந்து தண்ணீர் கண்டால்தான் அது போகும். அதன் மேல் சாஃப்ட்னர் போட்டால் நூலுக்கு நூல் மெழுகு பூசியது போலாகிவிடும், தண்ணீர் இறங்கவே இறங்காது. எங்கள் சலவை நிலையத்தின் சூப்பர்வைசர், ஒரு மலையாளி, டவல் பகுதியில் புதுப்பையன் யாராவது சாஃப்ட்னரைத் தொட்டால் கத்துவார். அது போட்ட டவல் முகத்தைத் தடவும், துடைக்காது என்பார். நானே எத்தனை பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் மகள் கன்னத்தில் வைத்து மெதுவாக இருக்கிறது என்று சொல்லவேண்டும், அந்த ஆசையில் மெத்தென்று இருப்பதை மட்டும் நினைத்தேன். சிறுநீர் எங்கே போகும் என்பதை நினைக்கவில்லை. நான்கு நாளாக அவன் தன் சிறுநீரிலேயே வயிற்றை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். மூன்று நேரமும் அதே நஞ்சை நானே மடித்து, மணக்க மணக்க விரித்திருக்கிறேன்.

டாக்டரம்மா குத்தம் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். மும்தாஜுக்குத் தெரியாது. துண்டுகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வீடு வரும்வரை, பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் வீட்டு வாசலில் ரிஸ்வானா நோட்டோடு நின்றாள். அந்த நோட்டில் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே ஒப்பந்தம்.

“சீழ் பிடிச்சதுக்குக் காரணம் நாந்தான்மா” என்றேன். ஒரு துண்டைத் தரையில் விரித்து, ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக் காட்டினேன். முத்து முத்தாக நின்றது. “எனக்குத் தெரியும். தெரிஞ்சும் செஞ்சிட்டேன்.”

அவள் அந்த முத்துக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போனாள். பழையபடி விருந்தாளி ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

“வேற துணி இருக்கா?” என்று மும்தாஜ் கேட்டாள்.

“இதையே வெந்நீர்ல அஞ்சாறு தடவ அலசுனாச் சரியாயிரும். நாளைக்குக் காலைக்குள்ள ஆவாது.”

ரிஸ்வானா திரும்பி வந்தாள். கையில் ஒரு மஞ்சள் துணி. மஞ்சள் என்று எனக்குத் தெரிந்ததால் சொல்கிறேன், அது வெளுத்து மோர் நிறத்துக்கு வந்திருந்தது. கூர்ந்து பார்த்தால் வாத்துகள் தெரிந்தன, அலகு மட்டும் ஆரஞ்சு மிச்சத்தோடு.

“இது ஆவுமா வாப்பா?” என்று என் கையில் கொடுத்தாள்.

தொட்டேன். என் விரல்கள் அவை பழகிய வேலையைச் செய்தன. ரோமம் தேய்ந்து மட்டமாகி, சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டிருந்தது. நடுப்பகுதி மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் என் உள்ளங்கை தெரிந்தது. ஒரு ஓரத்தில் விரல்கள் பிடித்துப் பிடித்து நாடா நைந்திருந்தது. சாதாரணச் சவுக்காரம், கல்லில் அடி, வெயில். இருநூறு தண்ணீருக்குக் குறையாது. மாதத்துக்கு இரண்டு என்று வைத்தாலும் ஒன்பது வருடம். பீரோவின் மேல்தட்டில் கிடந்த துணி இல்லை இது. ஒருநாளும் அங்கே இருந்ததில்லை.

“காய்ச்சல்னா இதான் வேணும் அவளுக்கு. பரீட்சைன்னா இதான். நீங்க லீவு முடிஞ்சு போன மறுநாளெல்லாம் இதுக்குள்ளதான் கிடப்பா” என்றாள் மும்தாஜ். “நைஞ்சு போச்சு, தூரப் போடுளான்னு எத்தனையோ தடவ சொல்லியாச்சு.”

“நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லையே” என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ரிஸ்வானா கரண்டியை எடுத்து, தானே அதன் மேல் தண்ணீர் விட்டாள். தண்ணீர் விழுந்த இடத்திலேயே காணாமல் போனது. அடியில் இருந்த டவல் நனைந்தது. மேலே கை வைத்துப் பார்த்தேன், உலர்ந்திருந்தது.

கத்திரிக்கோல் என் கையில் இருந்தது. என்னால் வெட்ட முடியவில்லை. “இது வேண்டாம்மா. வேற ஏதாவது பாப்போம்” என்றேன்.

“வெட்டுங்க வாப்பா. எனக்கு இனி எதுக்கு இது?” என்றாள். பிறகு பிஸ்தாவின் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, “அதான் நீங்க வந்தாச்சுல்லா” என்றாள்.

நான் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை. மும்தாஜ் கத்திரிக்கோலை வாங்கி ஓரம் பார்த்து வெட்ட ஆரம்பித்தாள். நைந்த நாடா இருந்த அந்த ஒரு மூலையை மட்டும் ரிஸ்வானா உள்ளங்கை அகலத்துக்குத் தனியே வெட்டி எடுத்துக்கொண்டாள். மிச்சம் ஏழு துண்டு தேறியது.

மறுநாள் மருத்துவமனையில் அதை விரித்தேன். டாக்டரம்மாவிடமும் நடந்ததைச் சொன்னேன். “இனி வர்ற எல்லாருக்கும் சொல்லுதேன் சார்” என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டார். சாயங்காலம் பிஸ்தாவைத் தூக்கிப் பார்த்தபோது வயிற்று முடி உலர்ந்து பிரிந்து நின்றது. அதற்கும் அடுத்த நாள், சுடலைமுத்து அண்ணாச்சி வைத்துவிட்டுப் போன அருகம்புல்லில் ஒன்றைப் பிடித்து இழுத்தான். மென்றான். இன்னொன்றை இழுத்தான். நான் வெளியே ஓடினேன். அண்ணாச்சி ஆட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“தின்னுட்டான் அண்ணாச்சி.”

“நாஞ்சொன்னேன்லா வே” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், தன் ஆடு எழுந்து நடந்ததற்குக்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

வீக்கம் வடிய இன்னும் நான்கு நாள் ஆனது. விதை எடுத்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் ஆணைத் தனியே வைக்கவேண்டும், உடம்பில் விந்து மிச்சமிருக்கும், அதற்குள் சேர்த்தால் பட்ட பாடெல்லாம் வீண். அதையும் எண்ணிக் கழித்தோம். அதற்குள் குட்டிகள் இரண்டும் ரிஸ்வானாவின் தோழிகள் வீட்டுக்குப் போய்விட்டன. போன வெள்ளிக்கிழமை பிஸ்தாவையும் பாதாமையும் ஒரே கூண்டில் விட்டோம். பாதாம் முதலில் அவனைக் கடித்தது. பிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டது. மும்தாஜ் என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இப்போது வீட்டுச் சலவை முழுக்க என் பொறுப்பு. நேற்றுக் காலை அழுக்குக் கூடையைப் பிரித்தேன். பிஸ்தாவின் ஏழு துண்டு, பள்ளிச் சீருடை, தலையணை உறை. அதற்கடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் துண்டு, ஓரத்தில் நைந்த நாடா. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பள்ளிக்குக் கிளம்பிய ரிஸ்வானா பார்த்துவிட்டாள்.

“அதையும் துவைச்சிருங்க வாப்பா” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, உட்கார்ந்தபடியே சொன்னாள், எழுந்து நிற்கவில்லை. “அந்த வாசனத் தண்ணிய மட்டும் ஊத்திராதிய.”

ஊற்றவில்லை.